அதிகாலை மூன்றரை மணிப் பிரபஞ்சம்

கேள்வி:

எனக்கு 41 வயது. தாத்தா காலத்திலேயே சூலூர்பேட்டைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. தடா பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். மனைவி, இரண்டு பெண்கள். சொல்லிக்கொள்ளும்படி கடன் இல்லை, சண்டை இல்லை.

போன வருஷம் நைட் ஷிஃப்ட் இடைவேளையில் பொழுதுபோகாமல் விண்வெளி வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு அதுவே பிடித்துக்கொண்டது. பிரபஞ்சத்துக்கு வயது 1380 கோடி ஆண்டு. நம் பால்வெளியில் மட்டும் 10,000 கோடிக்கு மேல் நட்சத்திரங்கள். இன்னும் 500 கோடி ஆண்டில் சூரியன் வீங்கிப் பெருத்துப் பூமியைப் பொசுக்கிவிடுமாம். அதற்குப் பிறகும் காலம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்குமாம், பார்க்க ஒரு ஆள் இல்லாமல். இதெல்லாம் தெரிந்தபின், கையில் கேஜை வைத்துக்கொண்டு ஓட்டை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு, கூடினால் இந்த அண்டத்தில் யாருக்கு என்ன? வெள்ளிக்கிழமை மனைவி விளக்கேற்றும்போது பக்கத்தில் கைகூப்பி நிற்கிறேன். உள்ளே ஒன்றும் இல்லை. நடிக்கிறேன் என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் ஊரில் ராக்கெட் விடும் பெரிய விஞ்ஞானிகளே செங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வராத குழப்பம் எனக்கு மட்டும் ஏன்? மச்சான், 'கண்டதைப் பார்த்து மண்டை குழம்பிப்போச்சு, அந்த ஃபோனைப் பிடுங்கி வை' என்று என் மனைவியிடம் சொல்கிறார். எனக்கு வந்திருப்பது நோயா? இல்லை, மற்றவர்கள் பார்க்காத உண்மையைப் பார்த்துவிட்டேனா? உண்மை என்றால் அதை வைத்துக்கொண்டு மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சூலூர்பேட்டை

பதில்:

நண்பருக்கு வணக்கம்.

நோயா, உண்மையா என்று கேட்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. சரியான தகவலாகவே இருக்கட்டும், தூக்கமில்லாத தலைக்குள் போய் உட்கார்ந்தால் அது தகவலாக மட்டும் இருக்காது. அதனால் முதலில் தலையைப் பார்த்துவிட்டு அப்புறம் பிரபஞ்சத்துக்குப் போவோம். மனநல மருத்துவராக எனக்குத் தெரிந்த வரிசை அதுதான்.

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது சூரியனின் முடிவு இல்லை, 'ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட்' என்ற வரி. உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பகல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. இரவு வேலைக்கு அது பழக ஆரம்பிக்கும்போதே உங்கள் வாரம் முடிந்து பகல் ஷிஃப்ட் வந்துவிடுகிறது. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் உடம்பின் சூடு ஒரு நாளின் மிகக் குறைந்த நிலைக்கு இறங்கும். கவனம் மந்தமாகும். மனசும் கூடவே இறங்கும். இந்தப் பக்கம் என்னிடம் வரும் நர்ஸ்கள், லாரி ஓட்டுகிறவர்கள், செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர்கள், தமிழர் ஆனாலும் தெலுங்கர் ஆனாலும், சொல்வது ஒன்றுதான்: மூன்று மணிக்கு மேல் எதுவுமே பிரயோஜனமில்லை என்று தோன்றும். அவர்கள் யாரும் விண்வெளி வீடியோ பார்க்கிறவர்கள் இல்லை. ஒருவருக்கு அந்த நேரத்தில் வட்டிக் கடன் பூதமாக நிற்கிறது. இன்னொருவருக்கு எப்போதோ செத்துப்போன அம்மா. உங்கள் கைக்கு அகப்பட்டது அண்டம்.

ஒன்று செய்து பாருங்கள். பகல் ஷிஃப்ட் வாரத்தின் கடைசியில், நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு, காலை பத்து மணிக்கு இதே எண்ணத்தை நீங்களே வரவழையுங்கள். சூரியன் வீங்குகிறது, பூமி பொசுங்குகிறது. அப்போதும் அதே கனம் இருக்கிறதா? கனம் குறைந்து, 'இருந்தாலும் விஷயம் என்னவோ உண்மைதானே' என்ற கேள்வி மட்டும் மிஞ்சினால் நீங்கள் யோசிக்கிற மனிதர், அவ்வளவுதான். பகலிலும் அதே கனம் இருந்தால், சாப்பாடு ருசிக்கவில்லை, பிள்ளைகள் பேசுவது காதில் ஏறவில்லை, முன்பு பிடித்ததெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் போகிறது என்றால் அது மனச்சோர்வு. பிரபஞ்சம் அது போட்டுக்கொண்டிருக்கும் சட்டை. சிகிச்சை இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. எதற்கும் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை நான்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாழ்க்கையின் வெறுமை என்று வந்து உட்கார்ந்தவருக்கு தைராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

'இருந்தால் என்ன, போனால் என்ன' என்று உங்கள் உயிரைப் பற்றியே தோன்றினால் மட்டும் இந்தப் பதிலைப் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் நான் மேலே போவதில்லை.

இனி பிரபஞ்சம்.

நீங்கள் எழுதியிருக்கும் கணக்குகளில் தப்பில்லை. ஒரே ஒரு திருத்தம், அதுவும் உங்களுக்குச் சாதகமானது அல்ல. சூரியன் வீங்க 500 கோடி ஆண்டு ஆகும் என்பது சரி. ஆனால் அதன் பிரகாசம் இப்போதே மெல்ல மெல்லக் கூடிக்கொண்டிருக்கிறது. இன்னும் 100 கோடி ஆண்டு வாக்கிலேயே கடல்கள் வற்றும் அளவுக்குப் பூமி சூடேறிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். உங்கள் பழவேற்காடு ஏரி அதுவரைக்கும் தாங்காது. அதன் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்வதும், தூர்வாரச் சொல்லி மீனவர்கள் மனு மேல் மனு கொடுப்பதும் இப்போதே நடக்கிறது. முகத்துவாரம் திறந்தால்தான் இறால் வரும், இறால் வந்தால்தான் அடுப்பு எரியும். சூரியன் செத்துப்போகும் என்று சொன்னால் மனுவை மடித்து வைத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்களா?

உங்களைத் தேற்றுவதற்காக எண்களில் கை வைக்க மாட்டேன். 'இதையெல்லாம் நினைக்காதீங்க' என்றும் சொல்ல மாட்டேன். நினைக்கத் தகுந்த விஷயம்தான்.

நிலையாமை நமக்கு ஒன்றும் புதிது இல்லை. மயான வைராக்கியம் என்று சொல்வார்களே. சுடுகாட்டில் நிற்கும்போது எல்லோருக்கும், 'இவ்வளவுதான், இதுக்குத்தான் இத்தனை ஆட்டம்' என்று தோன்றும். பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும் அற்பமாகத் தெரியும். குளித்துவிட்டு வந்து இலையில் உட்கார்ந்ததும் ரசத்தில் உப்பு பற்றவில்லை என்று கோபம் வரும். இதை ஊரில் கேலியாகத்தான் சொல்வார்கள். எனக்கு இது கேலியாகப் படவில்லை. மனசு பெரிய உண்மையை ஒருமுறை நேருக்கு நேர் பார்க்கிறது, பிறகு தலை முழுகிவிட்டுத் திரும்பி வருகிறது. உப்பு பற்றவில்லை என்று கோபப்படுகிறவன் செத்தவனை மறந்துவிட்டவன் இல்லை, உயிரோடு இருக்கிறவன்.

உங்களுக்கு நடந்திருப்பதைக் கேளுங்கள். முன்பெல்லாம் மனிதனுக்கு இந்த வைராக்கியம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும், ஊரோடு சேர்ந்து வரும், முடிவில் குளியலும் சாப்பாடும் இருக்கும். உங்களுக்கோ ராத்திரி மூன்றரை மணிக்கு, கேன்டீன் பெஞ்சில், தனியாக, காதில் இயர்போனோடு வருகிறது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது தானாக ஓட ஆரம்பிக்கிறது. அண்டத்தின் அழிவைக் கண்கொட்டாமல் பார்த்தவருக்கு அந்தச் செயலி அடுத்ததாக முருங்கைக்காய்ச் சாம்பாரா காட்டும்? குளிக்காமலே திரும்பத் திரும்பச் சுடுகாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

ஆனால் பழைய ஞானத்துக்கும் உங்களுடையதற்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதை மறைத்துவிட்டு மேலே போவது நியாயமாகாது. 'எல்லாம் மாயை' என்று சொன்ன பெரியவர், அடுத்த மூச்சிலேயே 'அவன் ஒருவன்தான் நிலை' என்பார். எல்லாம் போனாலும் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தன் இருந்தான். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக் கோயிலே இருக்கிறது, கையில் ஏடும் எழுத்தாணியுமாக. நாம் செய்வதை ஒருவன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பில் பயம் கொஞ்சம், ஆறுதல் அதிகம். படுத்த படுக்கையான மாமியாருக்கு வருஷக்கணக்கில் பீ மூத்திரம் அள்ளிய மருமகள், 'யார் பார்த்தா என்ன பார்க்காட்டி என்ன, அவன் பார்த்துக்கிட்டிருக்கான்' என்பாள். அந்த ஒரு பிடிமானத்தில்தான் அவள் அத்தனை வருஷம் நின்றிருப்பாள்.

வாழ்க்கைக்கு அர்த்தம் போய்விட்டது என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கென்னவோ போனது சாட்சி என்றுதான் படுகிறது. உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 'பார்க்க ஒரு ஆள் இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். சூரியன் சாவதைவிட, அதைப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் உங்களைக் குத்துகிறது. இது இழப்பு. வீட்டில் ஒரு பெரியவர் போன மாதிரி இழப்பு. ஒரு வருஷமாக அதற்கு அழாமல், வாதத்தால் சரிக்கட்டப் பார்த்திருக்கிறீர்கள். துக்கத்துக்கு வாதம் மருந்தில்லை. கொஞ்ச காலம் எடுக்கத்தான் செய்யும், எடுக்கட்டும்.

சாட்சி இல்லாவிட்டால் வாழ்க்கை நின்றுவிடுமா என்பதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. பெரியார் கடவுள் இல்லை என்றவர். 94 வயதில், மூத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். 1973 டிசம்பர் 19-ல் தியாகராய நகரில் பேசினார், 24-ஆம் தேதி இறந்தார். அவருடைய கருத்து உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அந்த மனிதர் வாழ்க்கையில் அர்த்தம் பற்றாமல் திண்டாடினார் என்று அவருடைய எதிரிகூடச் சொல்ல மாட்டார். இன்னொரு பக்கம் ராமானுஜன். நாமகிரித் தாயாரை நம்பியே கணக்குப் போட்டவர். கணக்கு அவருக்கும் சரியாகத்தான் வந்தது.

செங்காளம்மன் கோயிலுக்குப் போகும் விஞ்ஞானிகளும் அப்படித்தான். அவர்கள் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? சிலருக்குப் பக்தி, சிலருக்கு மரபு, சிலருக்குக் கூட வந்தவர்களுக்காக. ஆனால் கோயிலிலிருந்து திரும்பி வந்து, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று ஒரு வால்வைச் சோதிக்காமல் விடுவதில்லை. கும்பிட்டவருக்கும் கும்பிடாதவருக்கும் கவுன்ட்டவுனில் ஒரே செக்லிஸ்ட்தான். அதனால் அவர்களை எந்தப் பக்கத்துக்கும் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் கேஜுக்கு வருகிறேன். உங்கள் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓட்டையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு பிளக் கேஜை விட வேண்டும். 'கோ' பக்கம் அழுத்தாமலே தன் எடையில் உள்ளே இறங்க வேண்டும். 'நோ-கோ' பக்கம் வாயிலேயே நிற்க வேண்டும். அதுவும் இறங்கிவிட்டால் பீஸ் ரிஜெக்ட், சிவப்புப் பெட்டிக்குப் போகும். சரிதானா? அந்த ஓட்டையின் விட்டத்தை சர்வேயர் நிலம் அளக்கும் சங்கிலியை வைத்து அளந்துவிட்டு, 'வித்தியாசமே தெரியலை, எல்லாம் ஒண்ணுதான்' என்று ஒரு பயிற்சிப் பையன் வந்து சொன்னால் அவனை என்ன செய்வீர்கள்? 20 மைக்ரான், பக்கத்து நட்சத்திர மண்டலமான ஆந்திரோமேடாவுக்கு ஒன்றும் இல்லை. நாயுடுபேட்டை பைபாஸில் குறுக்கே மாடு வந்து பிரேக் அடிக்கிறவனுக்கு அது இருக்கிறது. எதில் அளந்தால் தெரியுமோ அதில்தான் அளக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'இது சமாளிப்பு டாக்டர், பெரிய கணக்கிலிருந்து தப்பிச் சின்னக் கணக்கில் ஒளிந்துகொள்ளச் சொல்கிறீர்கள்' என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஆனால் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: பெரிய கணக்கு, பெரிய கணக்கு என்கிறீர்களே, அதை எங்கே நின்றுகொண்டு பார்க்கிறீர்கள்? பால்வெளி முழுவதும் ஒரு படமாகத் தெரிகிற இடத்திலிருந்து, 500 கோடி ஆண்டும் ஒரே பார்வையில் தெரிகிற இடத்திலிருந்து பார்க்கிறீர்கள். அந்த இடத்தில் இதற்கு முன் உட்கார்ந்திருந்தது யார்? அந்தச் சாட்சிதான். அவர் காலி செய்த நாற்காலியில் நீங்களே ஏறி உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து உங்கள் பெஞ்சைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்.

அறிவியல் சொல்வதோ, அப்படி ஒரு நாற்காலியே கிடையாது என்று. பிரபஞ்சத்துக்கு நடு என்று ஓரிடம் இல்லை. வெளியே நின்று பார்க்க மேடையும் இல்லை. 1905-ல் ஐன்ஸ்டைன் அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார்: எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' என்பதுகூட இல்லை. யார் எந்த வேகத்தில் போகிறார்களோ அதற்குத் தக்கபடி, தூர தூரமாக நடப்பவற்றில் எது முன்னால் எது பின்னால் என்பதுகூட மாறலாம். இன்று ராத்திரி நீங்கள் ஆந்திரோமேடாவைப் பார்த்தால் தெரிவது 25 லட்சம் ஆண்டுக்கு முன் கிளம்பிய வெளிச்சம். சூரியனே எட்டு நிமிஷம் இருபது விநாடிப் பழசு. எதைப் பார்த்தாலும் ஓரிடத்தில் நின்றுதான் பார்க்க முடியும், ஒரு நேரத்தில்தான் பார்க்க முடியும். இது அறிவியலின் அடிப்படை. வீடியோ எடுக்கிறவர்கள் கேமராவை அண்டத்துக்கு வெளியே பறக்கவிட்டுக் காட்டுவது கிராஃபிக்ஸ். அங்கே யாரும் போனதில்லை, போகவும் முடியாது. 'எல்லாம் அற்பம்' என்ற தீர்ப்பு அந்த கிராஃபிக்ஸ் கேமராவிலிருந்து வந்த தீர்ப்பு. சாமியை விட்டுவிட்டவர் சாமியின் கண்ணை மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு ஆறுதல் சொல்வார்கள், நாமெல்லாம் நட்சத்திரத் துகள் என்று. தகவல் சரி. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் பின்னாளில் வானியல் மேதையான சந்திரசேகர், 19 வயதில், ஒரு கணக்குப் போட்டார். எரிந்து முடிந்து சுருங்கிப்போன வெள்ளைக் குறுமீன் என்ற வகை நட்சத்திரம், ஓர் எல்லை எடைக்கு மேல் நிலைக்க முடியாது என்று அதில் வந்தது. அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்று பிறகு திருத்தமானது. அந்த எல்லையை எட்டி வெடிக்கும் நட்சத்திரங்கள்தான் உலகத்தில் இருக்கும் இரும்பில் பெரும்பங்கைச் செய்து கொட்டின. உங்கள் ரத்தத்தில் இருப்பதும் அந்த இரும்புதான். கேட்கப் புல்லரிக்கும். ஆனால் உங்கள் சிவப்புப் பெட்டியில் கிடக்கும் ரிஜெக்ட் பீஸிலும் அதே இரும்புதான். சாக்கடை மூடியிலும் அதேதான். எதனால் செய்தது என்பது பெருமையைக் கொடுத்துவிடாது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு: அந்தப் பையன் போட்ட கணக்கை 1935-ல் எடிங்டன் என்ற பெரிய மனிதர் சபையில் வைத்துக் கிண்டல் செய்தார். 1983-ல் சந்திரசேகருக்கு நோபல் கிடைத்தது. இடைப்பட்ட 48 வருஷம் அவர் என்ன செய்தார்? வேறு வேறு துறைகளில் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ரயில் பாதையிலேயே இன்னொரு கதை இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். பிரான்சிலிருந்து ஜான்சன் என்பவர் கருவிகளைத் தூக்கிக்கொண்டு குண்டூருக்கு வந்து காத்திருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்துக்குப் போயிருந்தார். சூரியன் மறைந்திருந்தது சில நிமிஷம்தான். மழைக்காலம் வேறு, ஒரு மேகம் வந்திருந்தால் முடிந்தது கதை. அன்று ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியில், சூரியனின் விளிம்பில் எழுந்த தீக்கொழுந்துகளின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம் என்று முதலில் நினைத்தார்கள். அது சோடியம் இல்லை, பூமியில் யாரும் பார்த்திராத தனிமம் என்று பிறகு தெரிந்தது. சூரியனின் கிரேக்கப் பெயரைக் கொண்டு ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். பூமியில் அது கிடைத்ததே 1895-ல்தான். அண்டத்தில் ஹைட்ரஜனுக்கு அடுத்து அதிகம் இருப்பது அது. இன்று நான் நோயாளிகளை அனுப்பும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தத்தைக் குளிரவைப்பது திரவ ஹீலியம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டின் எரிபொருள் தொட்டிகளுக்கு அழுத்தம் கொடுப்பதும் ஹீலியம்.

பின்னால் பயன்பட்டது, அதனால் அர்த்தம் வந்தது என்று நான் முடிக்கப் போவதில்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரமும் ஒருநாள் துருப்பிடிக்கும் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள், சரியாகவும் இருக்கும். நான் காட்டுவது அந்தக் காலையில் குண்டூரில் நின்ற மனிதர்களை. எம்.ஆர்.ஐ. பற்றியோ ராக்கெட் பற்றியோ அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கோடு எங்கே விழுகிறது என்று சரியாகக் குறிக்க வேண்டும், அது முக்கியம், அந்தச் சில நிமிஷத்துக்கு அதுவே முழுதும் முக்கியம். நீங்கள் ராத்திரி முழுக்கப் பார்க்கும் பிரபஞ்சமே இப்படி ஆட்கள் இம்மியும் பிசகாமல் குறித்து வைத்ததால்தான் நமக்குத் தெரிந்தது. இருபது மைக்ரானை அலட்சியம் செய்கிறவர்களால் 1380 கோடி ஆண்டைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

விளக்கு விஷயம். இதைத்தான் நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. மனைவியிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், விளக்குப் பக்கத்தில் வேண்டாம், மச்சான் வீட்டில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். ஒரு லீவு நாள் மத்தியானம், சாதாரணமாக: 'எனக்கு முன்ன மாதிரி நம்பிக்கை வரமாட்டேங்குது. நீ ஏத்துறது எனக்குப் பிடிச்சிருக்கு. பக்கத்துல நிக்கிறேன்.' அவ்வளவு போதும். பெருவெடிப்பை விளக்க ஆரம்பிக்காதீர்கள். முடிந்தால் ஒன்று கேளுங்கள், திரியைத் தூண்டும்போது அவர் என்ன நினைக்கிறார் என்று. என்னிடம் வரும் பெண்களிடம் கேட்டிருக்கிறேன். பெரிய தத்துவமெல்லாம் வராது. அம்மாவின் முழங்கால், பெரியவளின் ஃபீஸ், நீங்கள் நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் ஹைவேயில் தூங்காமல் வர வேண்டும் என்பது. உள்ளே ஒன்றும் இல்லாமல் நிற்கிறேன் என்கிறீர்கள். அவருடைய வேண்டுதலில் நீங்கள் இருக்கிறீர்கள், பக்கத்தில் நிற்பது நடிப்பு ஆகாது.

பெரிய சாட்சி போனபின் மிஞ்சுவது சின்னச் சாட்சிகள். மறந்துபோகிறவர்கள், செத்துப்போகிறவர்கள், பாதி நேரம் நம்மைக் கவனிக்கவே கவனிக்காதவர்கள். இது போதுமா என்று என்னைக் கேட்டால், பெரும்பாலான நாட்களில் எனக்குப் போதும். போதாத நாட்களும் உண்டு. அந்த நாட்களில் சீக்கிரம் தூங்கிவிடுகிறேன்.

ஃபோனை மச்சானிடம் கொடுக்க வேண்டாம். நைட் ஷிஃப்ட் இடைவேளையில் மட்டும் விண்வெளி வேண்டாம், கண்டிப்பாக. லீவு நாள் பகலில் பாருங்கள். அண்டம் எப்படி அழியும் என்பதைக் கொஞ்சம் விட்டு, அதைக் கண்டுபிடித்தது எப்படி என்பதைப் பாருங்கள். மனசுக்கு இரண்டும் ஒன்றல்ல. ஷிஃப்ட் மாற்றிக் கேட்க மருத்துவர் கடிதம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் டாக்டரே கொடுப்பார், வெட்கப்படாமல் கேளுங்கள். முடிந்தால் ஒரு 10×50 பைனாகுலர் வாங்குங்கள், மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை விழாது. கையை எதிலாவது ஊன்றி ஆடாமல் பிடித்தால் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். கார்த்திகை, மார்கழியில் ஏரிப் பக்கம் வெளிச்சம் குறைந்த இடமாகப் போனால் ஆந்திரோமேடா வெறும் கண்ணுக்கே மங்கலாகப் புகைபோலத் தெரியும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கும் இடம். பொதுமக்களை எந்தெந்த நாளில் அனுமதிக்கிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் குடும்பத்தோடு போய் வாருங்கள். நிஜ வானம் கழுத்தை வலிக்க வைக்கும், கொசு கடிக்கும், மேகம் வந்து ஏமாற்றும். வீடியோ செய்வதை அது உங்களுக்குச் செய்யாது.

கடைசியில் ஒரு பின்குறிப்பு எழுதியிருந்தீர்கள். பெரியவள் ஒன்பதாம் வகுப்பு, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து 'அஸ்ட்ரானமிதான் படிப்பேன்' என்கிறாள், உங்கள் நிலைமை அவளுக்கும் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று. வராது என்று எழுதித்தர முடியாது, ஆனால் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் இதைத் தனியாக, நடுராத்திரியில், கேள்வி கேட்க ஆள் இல்லாமல் எதிர்கொண்டீர்கள். அவள் வகுப்பில், சக மாணவர்களோடு, பேப்பர் பேனாவோடு எதிர்கொள்வாள். பத்தாவது முடிந்து இன்டரில் எம்.பி.சி., அதாவது கணக்கு, இயற்பியல், வேதியியல் எடுக்கட்டும். பக்கத்திலேயே திருப்பதியில் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, அதற்கு ஐ.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருவனந்தபுரத்தில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு மதிப்பெண் வேண்டும். எல்லாவற்றுக்கும் கணக்கு நன்றாக வர வேண்டும், அதில் அவள் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் ரத்தப் பரிசோதனை முடிவோடு அதையும் எழுதுங்கள்.